கம்பில் ஒழுகிய தேன்

திருப்போரூர் பக்கம் எங்கள் ஊர். அந்த வருடம் விடாத மழையில் கம்புக் கதிரில் தேன் மாதிரி ஒழுகி, பிறகு கறுப்பாக முள் முள்ளாக நின்றது. இனிப்பாகத்தானே இருக்கிறது, பால் கூடும் என்று சினைமாட்டுக்குத் தட்டையோடு கதிரையும் அறுத்துப் போட்டேன்.

ஈனும் நாள் நெருங்கியும் மாடு மடி விடவில்லை.

"பாலே இல்லாத மாட்ட வெச்சிகினு இன்னா பண்ணப் போற? சந்தைக்கு ஓட்டிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"கன்னு வவுத்துல கீதுய்யா. ஓட்டினா நானும் கூடவே போறேன்" என்றேன்.

பூத்திலிருந்து போன் போட்டு மாட்டு டாக்டரை வரவழைத்தேன். அவர் தொட்டியில் கிடந்த கறுத்த கதிரை எடுத்துப் பார்த்தார்.

"இது பூஞ்சணம்மா. இதுல இருக்கிற விஷம் பாலைச் சுரக்க விடாது. இப்பவே நிறுத்துங்க."

அன்றே நிறுத்தினேன். வைக்கோலும் அகத்தியும் போட்டேன். மெல்ல மடி இறங்கியது. கன்று போட்டதும் சீம்பால் பீச்சி அடித்தது. கன்றின் முகமெல்லாம் நுரை. வீட்டுக்காரர் சீம்பாலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

"சந்தைக்குப் போலாமாய்யா?" என்றேன். வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது கம்பு விதையை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் கறுப்பு முள்ளை அள்ளிக் குழியில் புதைத்துவிட்டுத்தான் விதைக்கிறேன். தட்டை அறுத்தால் கதிர் கதிராகப் பார்த்த பிறகே மாட்டுக்குப் போகும்.