தாய்ச்செடியை அடியோடை வெட்டினது

1. வேலை

நான் ஐந்தாம் வகுப்போடை நின்றனான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. எனக்குக் கதைக்கவும் வராது. ஆக்கள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். அதனால் வீட்டுக்குள்ளேயே செய்கிற இந்த வேலை எனக்குச் சரிவந்தது.

எங்கடை வீடு கரவெட்டிக்கு அங்காலை, கடலுக்குக் கிட்ட. அச்சுவேலியில் பூக்கன்றுக் கடை வைத்திருக்கிற ரஞ்சன் தம்பிக்கு, தொங்கவிடுகிற சாடிகளில் மணிப்பிளாண்ட் பிடிக்கவைத்துக் குடுப்பேன். கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்ட வேணும். கணு இல்லாத துண்டு எவ்வளவு காலம் தண்ணீரில் கிடந்தாலும் வேர் விடாது. கீழ் இலையைக் கிள்ளிவிட்டு, வாய் வெட்டின சோடாப் போத்தலில் நிறுத்த வேணும். வேர் விரல் நீளம் வந்த பிறகுதான் சாடிக்கு மாற்றலாம்.

முதல் நாள் அவர் கேட்ட எல்லாத்துக்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எணை அம்மா, உங்கடை வாயும் உந்தக் கணுவும் ஒண்டுதான். தண்ணியிலை போட்டு ஒரு மாசம் பாத்துக்கொண்டு இருந்தால்தான் திறக்கும் போலை" என்று சிரித்தார்.

அவர் என்னைத் தேடி வந்தது, நான் துண்டு வெட்டி எடுக்கிற என்ரை தாய்ச்செடிக்காக. இலையில் வெள்ளை தெளித்த மாதிரி இருக்கும். வெறும் பச்சைக்கொடி எல்லா வீட்டு வாசலிலும் கிடக்குது, அதை ஆர் வாங்குவினம்?

2. தும்புத்தூள்

கீரிமலைப் பக்கம் புதிதாக ஒரு விடுதி திறக்கினம் என்று போன மாரி மழைக்குப் பிறகு ரஞ்சன் தம்பி வந்து சொன்னார்.

"விறாந்தை முழுக்க வெள்ளைக்கொடி தொங்கவேணுமாம். மண் போடாதேங்கோ அம்மா, பாரத்துக்குக் கம்பி அறுந்து விழும். தும்புத்தூளிலை வையுங்கோ."

"ஓம்" என்றேன். தேங்காய் மட்டையில் தும்படிக்கும்போது உதிர்கிற அந்தத் தூளுக்கு எங்கே போறது என்று கேட்க வாய் வரவில்லை.

என்னோடை இருக்கிறது பூமணி மச்சாள், என்ரை அவரின் தங்கச்சி. எனக்கும் சேர்த்துக் கதைக்கிறது அவதான். அடுத்த நாள் ஒரு சாக்குத் தூளோடு வந்து இறங்கினா.

"தும்படிக்கிற இடத்திலை மலைபோலைக் குவிஞ்சு கிடக்குது, மச்சாள். அங்கை நிண்டவன் அள்ளிக்கொண்டு போ எண்டிட்டான். உம்மைப் போலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டால் ஒரு பிடியும் கிடைச்சிராது!"

வேர் விட்ட துண்டுகள் எல்லாத்தையும் அதில் வைத்தோம். கொஞ்ச நாளில் இலையின் ஓரம் காய்ந்தது. வெயில் என்று நினைத்து நிழலுக்கு மாற்றினேன். பிறகு தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இலை நெருப்புப் பட்ட மாதிரிக் கருகிக்கொண்டே வந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் தேத்தண்ணி நிறம். தொட்ட உடனே தோல் கழன்று கையில் வந்தது.

ஒரு சிட்டிகைத் தூளை நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்கடை பக்கத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கடல்தண்ணி நிற்கிற கிடங்கில் ஊறப்போட்டுத்தான் தும்படிப்பினம். எனக்கும் அது தெரியும், மச்சாளுக்கும் தெரியும். ஆனால் கயிறு, வலை, உடுப்பு எல்லாத்திலும் உப்போடு வாழ்கிற ஆக்களுக்கு அது உப்பென்று யோசனை வாறதில்லை.

3. வெட்டினது

தூளைக் கழுவினால் சரி என்று நினைத்தோம். கோடையில் எங்கடை கிணறே உவர். உப்பை உப்பால் கழுவ ஏலுமோ? பவுசர் வண்டியில் வாற குடிதண்ணீரை மச்சாள் வாளி வாளியாகப் பிடித்துவந்து கழுவினா. வரிசையில் நின்றவை சிரித்தவையாம்: "என்ன பூமணி, பிள்ளைக்குப் போலை தும்புக்குத் தோய வாக்கிறியோ?"

தூள் கழுவுப்பட்டது. வைக்கத்தான் துண்டு இல்லை. அந்த நேரம் ரஞ்சன் தம்பி போன் எடுத்தார்.

"அம்மா, திறப்புவிழா கிட்டிப்போச்சு. ஏலாட்டில் இப்பவே சொல்லிப்போடுங்கோ, கொழும்பு லொறியிலை எடுப்பிக்கிறன்."

ஏலாது என்று சொல்லியிருக்க வேணும். "ஓம் தம்பி, தாறன்" என்றேன்.

தாய்ச்செடியை வெட்டத் தொடங்கினேன். "மச்சாள், ஒரு கொடியையாவது விடுமன்!" என்று பூமணி கையைப் பிடித்தா. சாடிகள் நிரம்ப வேணுமே. அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. போத்தலில் வேர் விடவைக்க நாள் இல்லாமல், துண்டுகளை நேரே தூளில் குத்தினேன். எல்லாம் கணுவோடு அழுகிப்போச்சு.

4. பிறகு

ரஞ்சன் தம்பி வந்து பார்த்தார். ஏசவில்லை. "சரி அம்மா, யோசியாதேங்கோ" என்றுவிட்டு வெறும் வாகனத்தோடு போனார். விடுதியில் இப்போது லொறியில் வந்த கொடிகள் தொங்குதாம். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது.

கனநாளைக்குப் பிறகு மச்சாள் பின்பக்கம் நின்று கத்தினா. "ஓடி வாரும் மச்சாள்! கட்டை தளிர் விட்டிட்டுது!"

இலை விரிந்தது. முழுப்பச்சை. அடுத்ததும் பச்சை, அதற்கு அடுத்ததும் பச்சை. அப்படி வாற கொடியில் வெள்ளையைக் காணக் கிடைக்காது. எனக்கு அது தெரியும். மச்சாளுக்குத் தெரியாது.

"வளர வளர வெள்ளை விழும், இருந்து பாரும்" என்றா.

"ஓம்" என்றேன்.

இந்த வேலைக்கு வாற பிள்ளையளுக்குச் சொல்ல என்னிடம் இருக்கிறது இவ்வளவுதான். ஆர் தந்த தூள் என்றாலும் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கோ. ஏலாத வேலையை ஏலாது என்று சொல்லுங்கோ. எவ்வளவு அவசரம் என்றாலும் தாய்ச்செடியில் ஒரு நல்ல கொடியைத் தொடாமல் விடுங்கோ.

பூமணி மச்சாள் காலமை காலமை குடிதண்ணீரில் ஒரு செம்பு கொண்டுபோய் அந்தக் கட்டைக்கு ஊற்றுறா. நான் மறிக்கிறதில்லை.