நான் தராத சம்மதக் கடிதம்

தாமிரபரணிக் கரையில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். ஆலைக்கென்று ஒரு பெண்கள் வாலிபால் அணி இருந்தது. முதலாளியை நச்சரித்து அதைத் தொடங்க வைத்தவன் நான்தான். ஜப்பானில் பஞ்சாலைப் பெண்கள் பகலில் வேலை பார்த்துவிட்டு, பிறகு பயிற்சி செய்து, உலகத்தையே வென்ற வரலாற்றைப் படித்துப் பித்தாகியிருந்தேன். ஆலை விடுதியில் சனிக்கிழமைதோறும் அதை அணிப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஜப்பானில் கம்பெனியின் சம்மதக் கடிதம் இல்லாமல் ஆட்டக்காரிகள் வேறு அணிக்குப் போக முடியாதாம். அந்த விதியை இங்கும் கொண்டுவந்தேன். போதாதென்று, வேலைக்குச் சேரும்போதே பள்ளிச் சான்றிதழ்களை வாங்கி என் பீரோவில் பூட்டினேன்.

எங்கள் செட்டர் சீவலப்பேரிக்காரி. மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு அழைப்பு வந்தது. பத்து நாளில் சம்மதக் கடிதத்தோடும் அசல் சான்றிதழோடும் சென்னையில் நிற்க வேண்டும். மைதானத்தில் ஒரே கும்மாளம்.

“ஏட்டி, ரயில்வேக்குப் போயிட்டா எங்கள ஓசியில ஏத்திட்டுப் போவியா?”

“ஒனக்கு சரக்கு வண்டிதாம்ட்டி.”

மறுவாரம் ஆலைகளுக்கிடையிலான இறுதிப் போட்டி. முன்வரிசையில் முதலாளி இருப்பார். கடிதம் கேட்டு வந்தவளிடம், “முதலாளி ஊரில் இல்லை, கையெழுத்தாகவில்லை” என்றேன். கையெழுத்திடும் அதிகாரம் என்னிடமே இருந்தது.

அவள் அம்மா டவுன் பஸ் பிடித்து வந்தார். “ஐயா, எம்புள்ளைய நீங்கதான் தகப்பன் மாதிரி பாக்குதிய. ஒரு கையெழுத்துதான?” காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடைசியாக அவள் மறுபடி வந்தாள். “சார், இன்னைக்கு வண்டி ஏறாட்டா எல்லாம் போச்சு. கெஞ்சிக் கேக்குதேன்.”

“போட்டி முடியட்டும். இதைவிட நல்ல அழைப்பு வரும்.”

மைதானத்துக்குப் போய் வலையைக் கட்டினாள். போட்டியில் பிரமாதமாக ஆடினாள். கோப்பை எங்களுக்குத்தான்.

அதற்கப்புறம் அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. சில வருடங்களில் நூல் விற்பனை படுத்தது. ஆலை முதலில் கைவிட்டது அணியைத்தான். பஞ்சுத் தொழில் சரிந்தபோது ஜப்பான் கம்பெனிகளும் அப்படித்தான் செய்தன. அது எனக்கு முன்பே தெரியும். சனிக்கிழமைக் கதையில் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவேன். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தபோது ரயில்வேக்கான வயதை அவள் தாண்டியிருந்தாள். இன்று வேறொரு ஆலையில், அறுந்த நூலை இணைத்தபடி எட்டு மணி நேரம் நடக்கிறாள்.

போன மாதம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“தெரியும் சார். ஆபீஸ் கூட்டுத அக்கா அப்பவே சொல்லிட்டாவ.”

“தெரிந்துமா அந்தப் போட்டியில் ஆடினாய்?”

“சான்றிதழ் ஒங்க பீரோவுலல்லா இருந்துச்சு. ஆடாம என்ன செய்ய?”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் அன்று ஆடியதை, ஆலையின் மேல் வைத்த பற்று என்று நான் பரிசளிப்பு மேடையில் புகழ்ந்திருந்தேன்.