மறுதொடக்கத்தில் தோன்றிய முகம்

1. துண்டில் சுற்றி வந்த மடிக்கணினி

விழுப்புரத்தில் நான் நடத்திவந்த பழுதுபார்ப்பு நிலையத்துக்கு மடிக்கணினிகள் பல கோலங்களில் வந்து சேர்ந்திருக்கின்றன. மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் தூசி படிந்த சாக்குப் பையிலும் வந்ததுண்டு. மழையில் நனைந்து, அரிசிக்குள் புதைத்து வைக்கப்பட்டும் வந்ததுண்டு. வெள்ளைத் துண்டில் சுற்றி, மேலே செபமாலை வைத்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

கொண்டுவந்தவர் திண்டிவனத்தைச் சேர்ந்த லூர்துசாமி. திருமணப் புகைப்படம் எடுப்பவர். பத்து நாள்களுக்கு முன்பு அதே கணினிக்கு நான்தான் ரேம் என்னும் நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தேன். ஒரு ஜி.பி. இருந்த இடத்தில், காலியாக இருந்த இரண்டாம் ஸ்லாட்டில் மேலும் இரண்டு ஜி.பி. செருகினேன். ஆல்பம் பக்கங்கள் திறக்க நெடுநேரம் பிடிக்கிறது என்பதே அன்று அவர் சொன்ன குறை.

இன்று சொன்னது வேறு.

"சார், நீங்க ரேம் போட்டதுலேர்ந்து எங்க அண்ணன் வந்துக்கினு இருக்காரு."

அண்ணனும் உடன் வந்திருக்கிறார் போலும் என்று நான் வாயிற்பக்கம் பார்த்தேன்.

"அங்க இல்ல சார். இதுக்குள்ள," என்று துண்டைக் காட்டினார். "அவரு போயி ஏழு மாசம் ஆவுது."

பிறகு வரிசையாகச் சொன்னார். கணினியும் தொழிலும் அண்ணன் அந்தோணியுடையவை. ஒரு திருமணத்தைப் படமெடுத்துவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பியவர் மீது விக்கிரவாண்டிக்கு அருகில் லாரி மோதிவிட்டது. அதன்பின் தம்பி தொழிலை ஏற்றுக்கொண்டார். ரேம் கூட்டியது முதல், மூடியைத் திறந்தால் திரை கறுத்துவிடுகிறது. கணினி தானே அணைந்து தானே எழுகிறது. எழும்போது அண்ணன் முகம் தெரிகிறது. இறந்தவர் படம் எதையும் தாம் திறக்கவேயில்லை என்றார். தாயார் அந்தக் கணினியை மரக்காணம் கடலில் போட்டுவிடச் சொல்கிறார். இரண்டு திருமண ஆல்பங்கள் பாதியில் நிற்கின்றன.

"ஆல்பம் போனாப் போவுது சார். அன்னிக்கு அந்தக் கல்யாணத்துக்கு நான் போவ வேண்டியது. ஜொரம்னு படுத்துக்கினேன். அவரு எனக்குப் பதிலாப் போனாரு. அதைக் கேக்கத்தான் வர்றாரா?"

செபமாலையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு மூடியைத் திறந்தேன்.

அது மின்வெட்டு மிகுந்திருந்த காலம். நண்பகல், மின்விசிறி நின்றிருந்தது, தெருவில் அரவம் இல்லை. கணினி மின்கலத்தில் ஓடியது. திரை கறுத்தது. சிறிது நேரத்தில் தானே அணைந்து தானே எழுந்தது. தயாரிப்பாளரின் முத்திரை தோன்றி மறைந்தது. அடுத்த நொடி திரை முழுதும் கிடைக்கோடுகள். அவற்றினூடே ஓர் ஆடவரின் முகம், பச்சை படர்ந்து, நான்கு துண்டுகளாக அடுத்தடுத்து நின்றது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் மட்டும் முழுமையாக இருந்தது. பிறகு எல்லாம் மறைந்து வழக்கமான திரை வந்தது.

லூர்துசாமி திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தது என்று தலையசைத்தேன்.

2. உரக்கப் படித்த பதிவேடு

கணினியை ஒருநாள் என்னிடம் நிறுத்திக்கொண்டேன். முழுவதுமாக அணைத்து, பின்மூடியைக் கழற்றி, ரேம் இரண்டையும் தனித்தனியே சோதித்தேன். பிழை இல்லை. நாற்பது முறைக்குக் குறையாமல் அணைத்து அணைத்துத் தொடங்கினேன், முகம் வரவில்லை. வந்த கோளாறு கண்ணெதிரே வராவிட்டால் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுப்பது எங்கள் தொழிலின் கெட்ட வழக்கம். நானும் அவ்வாறே கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் துண்டும் செபமாலையும் திரும்பி வந்தன.

"மொதல்ல நேராப் பாத்தாரு சார். இன்னைக்கு அப்படித் திரும்பி, யாரையோ பாத்துச் சிரிக்கிறாரு."

முன்பு தோன்றியது ஒரு படம், இப்போது தோன்றியது மற்றொன்று என்றால், இடையில் ஏதோ நிகழ்ந்திருக்க வேண்டும். மூடியைத் திறக்கையில் கணினி எப்போது விழித்தது, சாத்துகையில் எப்போது உறங்கியது என்று தானே குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். கணினி என்னிடம் இருந்த நாளைத் தவிர ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன், ஏறத்தாழ நாலே முக்காலுக்கு, அது விழித்திருந்தது. பத்து நிமிடத்தில் மீண்டும் உறங்கியிருந்தது. கண்டுபிடித்த களிப்பில் முதல் சில வரிகளை அவர் காதுபட உரக்கப் படித்தேன். தொண்ணூற்று மூன்றில் கணினித் தொழிலுக்கு வந்த நாள்தொட்டு நான் செய்த பிழைகளுள் இதனைப் பெரிதாக எண்ணுகிறேன்.

லூர்துசாமி ஏழு மணிக்குமுன் எழுவதில்லை. வீட்டில் தாயாரும் அண்ணியும் மட்டுமே உண்டு. தாயாருக்கு மூடியைத் திறக்கவும் தெரியாது. அண்ணி அதன் அருகில்கூட வருவதில்லை என்றார்.

"நாலே முக்காலா சார்?" என்று மெல்லக் கேட்டார். "அண்ணன் எழுந்திரிக்கிற நேரம் அது. காலைப் பூசைக்கு முன்னாடி உக்காந்து ஆல்பம் வேலை பாப்பாரு."

கணினியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இருசக்கர வண்டியைக்கூட உடனே கிளப்பவில்லை. சிறிது தொலைவு தள்ளிக்கொண்டே போனார்.

பதிவேட்டின் எல்லா வரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மறுநாள் கணினியையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பேருந்தில் ஏறினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்தபோது பையின்மீது கை வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

3. ரப்பர்

அந்தோணியின் வீட்டுச் சுவரில் ஆணிகள் இருந்தன, படங்கள் இல்லை. இறந்து ஓராண்டு நிறைவில் நடக்கும் திருப்பலி முடியும்வரை மகன் முகத்தைப் பார்க்கத் தன்னால் இயலாது என்று தாயார் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். லூர்துசாமி வாயிலருகே நின்றார். கணினி இருந்த மேசைப் பக்கம் வரவில்லை. அண்ணி ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

பின்மூடியைக் கழற்றி ரேமை உருவினேன். அதன் விளிம்பில் வரிசையாகப் பொன்னிறப் பட்டைகள் இருக்கும்; அவற்றில் அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அப்பட்டைகளைத் தேய்த்துத் துடைப்பது எங்கள் வழக்கம். பையிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. குளிர்ந்த கை.

"அழிக்காதீங்க சார்," என்றார் ஸ்டெல்லா. "அவரை அழிச்சிடாதீங்க."

அழுக்கைத்தான் துடைக்கிறேன், அதில் படம் எதுவும் இல்லை என்று விளக்கினேன். கையை எடுத்தார், ஆனால் மறைத்தது வெளிப்பட்டுவிட்டது. லூர்துசாமி இரண்டடி முன்னே வந்தார்.

"அண்ணி, நாலே முக்காலுக்கு நீங்களா?"

"செவுத்துல ஒரு படம் இல்ல. அவரு எழுந்திரிக்கிற நேரத்துக்கு எனக்கும் முழிப்பு வந்துடுது. ஒரு படத்தைத் தொறந்து பாத்துட்டு மூடிடுவேன். அத்தை மனசு நோவும்னு சொல்லல." சற்று நிறுத்தினார். "இப்போ ரெண்டு வாரமாத் தொறந்த உடனே தானா வந்தாரு. நான் கூப்பிட்டுத்தான் வர்றாருன்னு நெனச்சிக்கினேன். அதைச் சொன்னா நிறுத்திடுவீங்களே."

லூர்துசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். தாயார் அடுப்படி வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

4. காரணமும் ஒரு வரியும்

இத்தொழிலுக்கு வரும் இளம் பணியாளர்களுக்காகக் காரணத்தை விரித்துச் சொல்கிறேன். அவ்வகைக் கணினியில் திரைக்கெனத் தனி நினைவகம் கிடையாது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி, பொதுவான ரேமிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அப்பங்கு 'ஆட்டோ' என்றிருந்தது. ரேம் கூடியதும் பங்கும் கூடியது. திரையை இயக்கும் மென்பொருளான பழைய கிராபிக்ஸ் டிரைவருக்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே உறக்கத்திலிருந்து எழும்போதெல்லாம் திரை கறுத்து, கணினி தானே மறுதொடக்கம் செய்தது. மின்சாரம் அறுபடாத மறுதொடக்கத்தில் ரேமில் இருந்தது இருந்தபடியே இருக்கும். விரைவாகத் தொடங்க வேண்டி 'ஃபாஸ்ட் பூட்' என்னும் அமைப்பு இயக்கத்தில் இருந்தது. அது ரேமைத் துடைக்காமல் விட்டுவிடும். ஸ்டெல்லா மூடிய படம், அவ்விடம் வேறு வேலைக்குத் தேவைப்படாதவரை அங்கேயே கிடந்தது. திரை எழும் நொடியில் கோடு கோடாக வெளிப்பட்டது. என் நிலையத்தில் நான் ஒவ்வொரு முறையும் முழுதாக அணைத்தேன், ஆகவே வரவில்லை.

கிராபிக்ஸ் பங்கை அளவு குறித்து நிறுத்தினேன். ஃபாஸ்ட் பூட்டை நீக்கினேன். புதிய டிரைவரை ஏற்றினேன். பிறகு ஸ்டெல்லாவையே ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடியைச் சாத்தச் சொன்னேன். மீண்டும் திறந்தபோது கணினி தடுமாற்றமின்றி எழுந்தது. முகம் இல்லை.

"இனிமே வர மாட்டாரா சார்?"

"தானா வராதும்மா. நீங்க தொறந்தா வரும்."

தாயார் உள்ளே போய்ப் பெட்டிச் சாவியை எடுத்துவந்து மருமகளின் கையில் வைத்தார். லூர்துசாமி நாற்காலியை இழுத்துப்போட்டு, பாதியில் நின்ற ஆல்பத்தைத் திறந்தார். பக்கம் உடனே வந்தது. ஏழு மாதப் பாரம் அவர் தோளிலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

புறப்படும் முன், வேலையை முறையாக முடிக்கும் எண்ணத்தில், சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து, ரேம் போட்டபின் ஒருநாளும் தவறாமல் திறந்தீர்களா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"கடையில இருந்த அன்னிக்கு இல்ல. அப்புறம் ரேம் போட்ட வாரத்து ஞாயிறும் இல்ல சார். கண்டமங்கலத்துல எங்கம்மா வீட்டுல இருந்தேன், எங்கண்ணன் பொண்ணுக்குக் கோயில்ல புதுநன்மை விழா. லூர்து தம்பியும் மொத நாளே செஞ்சிக்குக் கல்யாண வேலையாப் போயிட்டாரு. அத்தையும் இந்தக் கம்ப்யூட்டரும் மட்டும்தான் இங்க."

ஞாயிற்றுக்கிழமை வரி என் பெருவிரலுக்கு அடியில் இருந்தது. நாலு நாற்பத்து நான்குக்கு விழிப்பு. பத்து நிமிடம் கழித்து உறக்கம். நிமிர்ந்து பார்த்தேன். தாயார் சுவரிலிருந்த வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூடியைத் திறக்கத் தெரியாதவர் என்று அவரைப் பற்றி நான் கேட்டிருந்தேன்.

"எல்லாம் டேலி ஆவுதா சார்?" என்றார் லூர்துசாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆவுதுப்பா," என்று சொல்லித் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தேன்.

அந்நாள் முதல் இரண்டு நெறிகளைக் கைக்கொண்டேன். கணினியைப் பெற்றுக்கொள்ளும்போது, கொண்டுவருபவரை மட்டும் கேட்காமல், வீட்டில் வேறு யார் எந்நேரம் அதைத் திறப்பர் என்று கேட்டெழுதுவேன். பதிவேட்டை எவர் காதிலும் படும்படி படிப்பதில்லை. அந்த ஒரு வரிக்கு நான் காரணம் தேடவில்லை. தேடியிருந்தால் அந்த நாற்காலியிலிருந்து லூர்துசாமியை மீண்டும் எழுப்ப வேண்டியிருந்திருக்கும்.