விளாவிய வெந்நீர்

அந்த ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவளுக்கு நெருப்புக்கோழி என்று பெயர். வைத்தவர் தலைமைச் சமையல்காரர். நோயாளிகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிய பிறகு, ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். மற்றவர்கள் இடுக்கியைத் தேடுவார்கள். இவள் வெறுங்கையால் அள்ளி அடுக்குவாள்.

"உன் கை என்ன கையா, கரண்டியா?" என்பார் சமையல்காரர்.

"கரண்டின்னா இத்தன வருஷத்துல தேஞ்சு போயிருக்குமே அண்ணே!"

"தட்டெல்லாம் ஸ்கால்டு பண்ணியாச்சா?" என்று மேற்பார்வையாளர் கேட்பார். பாலைப் பொங்கவிடாமல் சூடாக்கச் சொல்வதற்கும் அவருக்கு அதே வார்த்தைதான். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அது ஒன்றுதான். தட்டுகள் பளபளக்க, "எல்லாம் ஸ்கால்டு ஆச்சு சார்" என்று அவள் சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் எட்டிப் பார்க்கும்.

கர்வப்பட்டால்தான் என்ன? அம்மா செத்தபோது தம்பிக்குப் பால்பல்கூட விழவில்லை. அவனுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்து ஆளாக்கியது அந்தக் கைகள்தானே! பெண் கேட்டு வந்தவர்கள், தம்பியைக் கூட வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். "அப்போ போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். அப்படிப்பட்டவளுக்குத் தம்பி மகள் பிறந்ததும் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்தால் ஓட்டமும் நடையுமாக வீடு. பிள்ளையைக் குளிப்பாட்டுவது அத்தையின் உரிமை, அதில் யாரும் பங்குக்கு வர முடியாது. தம்பி பெண்டாட்டி வெந்நீரை விளாவி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள்.

அன்றைக்கென்று பார்த்து அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணி, நீங்களே விளாவிக்கங்க. கை வச்சுப் பாத்து ஊத்துங்க."

"எனக்கேவா சொல்லித் தர்றே? நீ படு தாயி."

அத்தை வாளியில் கையை விட்டுப் பார்த்தாள். சூடே இல்லை. ஐயோ, பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமே என்று இன்னும் இரண்டு குவளை வெந்நீரைச் சேர்த்தாள். மறுபடி கையை விட்டாள். இப்போது இதமாக இருந்தது. பிள்ளையை நீலத் தொட்டிக்குள் உட்கார வைத்து, "என் தங்கக்கட்டி" என்று கொஞ்சிக்கொண்டே முதல் குவளையைத் தொடையில் ஊற்றினாள்.

பிள்ளை வீறிட்ட அலறலில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. சிவந்த தோல் அவள் கண்ணெதிரே கொப்புளித்தது.

"எம் பிள்ளைய வேக வச்சுட்டீங்களே!" என்று காய்ச்சலோடு ஓடிவந்த தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரி, "பெத்தவளுக்குத்தான் அந்தப் பதம் தெரியும்" என்றாளே பார்க்கணும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கென்றே தெருவுக்கு ஓர் ஆள் இருக்கும்போல.

அத்தை வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளையின் காலைப் பார்த்த டாக்டரம்மா நர்ஸிடம், "ஸ்கால்டு" என்று புண்ணுக்குப் பெயர் சொன்னாள்.

"அது தட்டுக்குச் சொல்றதாச்சே..." அவளுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

பிள்ளைக்கு மருந்து வைத்துக் கட்டுப் போட்ட பிறகு டாக்டரம்மா அத்தை பக்கம் திரும்பினாள்.

"தண்ணியத் தொட்டுப் பாக்கலையா?"

"பாத்தேன் டாக்டர். சத்தியமா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

டாக்டரம்மா அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு டம்ளர்களில் தண்ணீர் வரவழைத்தாள். "கண்ண மூடிக்கிட்டுக் கைக்கு ஒண்ணாப் பிடிங்க. எது சூடு?"

அவள் பிடித்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வலக்கையிலிருந்ததை நீட்டினாள். கண்ணைத் திறந்தபோது ஆவி மற்றொரு டம்ளரிலிருந்து வந்துகொண்டிருந்தது. கூட வந்திருந்த தம்பி, அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, "அக்கா!" என்று சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இனிமேல் கையுறை போடாமல் வெந்நீரில் கை வைக்கக் கூடாது என்றாள் டாக்டரம்மா. அவளுக்கு அது காதில் ஏறவில்லை. தன் கையே தனக்குப் பொய் சொல்லிவிட்டதே என்றுதான் நினைப்பெல்லாம்.

புண் மெல்ல ஆறியது. பிள்ளை தவழ்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு நிற்கவும் தொடங்கியது. அத்தை அதே வீட்டில்தான் இருந்தாள். சமைத்தாள், துணி துவைத்தாள், பிள்ளையின் பக்கம் மட்டும் போகவில்லை. யாரும் அவளைப் போகக் கூடாதென்று சொல்லவுமில்லை.

ஒரு சாயங்காலம் அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை விறுவிறுவென்று தவழ்ந்து வந்து, அவள் தோளைப் பிடித்து எழுந்து நின்று, "த்தை, த்தை" என்று சிரித்தது. அதற்கென்ன தெரியும் பாவம், யார் சுட்டது, ஏன் சுட்டது என்று?

தம்பி பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"தூக்குங்க அண்ணி. நான் எதையும் மனசுல வச்சுக்கல. உங்க பிள்ளை அது."

இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருந்தாள்! கையை நீட்டப் போனாள். பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"கை ஈரமா இருக்கும்மா."

துணியெல்லாம் காய்ந்த துணி. பிள்ளை காத்திருக்கவில்லை, தானாகவே அத்தையின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்தது. அந்தச் சின்னக் கன்னத்தின் சூடு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கண்ணில் நீர் கொட்டியது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

பிள்ளை துள்ளியது, மடியிலிருந்து சரியத் தொடங்கியது.

"ஓடி வாம்மா, வந்து பிடிச்சுக்கோ," என்று அவள் பதறிக் கத்தினாள். "விழுந்துடப் போறா!"