அப்பா வந்தா பேசிடும்

"அவங்க அப்பா சிங்கப்பூர்லேருந்து வந்தா பேசிடுவான் லா, தாத்தா," என்றாள் பேத்தி. மூன்று வயதாகியும் ஒரு சொல் பேசாத அவள் மகன் தரையில் காரை உருட்டிக்கொண்டிருந்தான். நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

ஜப்பான்காரன் காலத்தில், குருண் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், என் தங்கை அஞ்சலைக்கும் மூன்று வயது. அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அஞ்சலை அதற்கு முன்பும் ஒரு சொல் பேசியதில்லை. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. "ஏங்கிப்போச்சு புள்ள. அப்பா வந்தா பேசிடும்," என்பாள் அம்மா, மரவள்ளிக்கிழங்கை மசித்து ஊட்டியபடி. விடிகாலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட, லயத்து வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். காது கிழியும். அஞ்சலை அசையாமல் தூங்குவாள். பயமே தெரியாத பிள்ளை என்று நானும் பெருமைப்பட்டேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அப்பா வரவில்லை. அம்மா அதற்குப் பிறகும் காத்திருந்தாள். அஞ்சலை அறுபது வயதில் செத்தாள், ஒரு தடவைகூட என்னை அண்ணன் என்று கூப்பிடாமல்.

நான் எழுந்துபோய், பையனின் முதுகுக்குப் பின்னால் நின்று, எவர்சில்வர் மூடியைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன்.

கார் உருண்டுகொண்டே இருந்தது. பேத்திதான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.