எங்கள் ஊர்ப் பெட்டி காலியாகப் போனது

எங்கள் ஊருக்கும் கச்சிராயபாளையம் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடை. வருஷத்தில் எட்டு மாதம் வெறும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அதை நம்ப முடியாது. மேலே கரியாலூர்ப் பக்கம் மழை பெய்திருக்கும். கீழே எங்களுக்கு வெயில் காயும், களத்தில் கம்பு உலர்ந்துகொண்டிருக்கும். அந்த வெயிலிலேயே செந்தண்ணீர் மார்பளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் யார் எந்தக் கரையில் இருக்கிறார்களோ அங்கேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் உண்டு. ஒன்பதாவதுக்கு ஓடையைத் தாண்டி ரோட்டோரத்து ஊருக்குப் போகவேண்டும். ஆம்பளைப் பிள்ளைகள் துணியைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு நீந்தி வந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுவார்கள். யாரும் அதை ஒரு குறையாகப் பேசியதில்லை. என் மகள்தான் முதலில் பேசினாள். டீச்சர் வேலைக்குப் படிக்கப்போவதாகச் சொன்னாள். ஐந்தாவதுகூட முடிக்காத எனக்கு அதைக் கேட்க பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எங்கள் மாரியம்மனிடம், இவள் டீச்சர் ஆகிவிட்டால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் ஏழாவது படிக்கும்போதே பாலத்துக்கு ஒரு மனு எழுதினோம். எழுதியது அவள்தான், நான் ஊரில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். அப்போது இருந்த எம்.எல்.ஏ. எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. அவர் எங்கள் ஜனமும் இல்லை. ஆனால் அந்தக் கார்த்திகையில் ஜீப்பை அந்தக் கரையில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். நடு ஓடையில் கால் வழுக்கி இடுப்புவரை நனைந்தார். கரையில் நின்ற பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். "நல்லா சிரிங்கம்மா. தெனம் நீங்க படறத நான் ஒரு நாளு படக்கூடாதா" என்றார். மாசி மாதம் சர்வே ஆட்கள் சங்கிலியும் கொடியும் எடுத்து வந்து அளந்தார்கள். எஸ்டிமேட் போட்டாகிவிட்டது, மெட்ராஸில் கையெழுத்து ஆகவேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வருஷம் புரட்டாசியில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் பெரிதாக வெடித்தது.

என் மனைவியின் சித்தப்பா மகன் ஒருவன், களமருதூர்க்காரன், எங்கள் ஜனத்துச் சங்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன். எங்கள் ஊருக்கும் வந்து பேசினான். நம் ஜனத்தில் எத்தனை டாக்டர், எத்தனை டீச்சர், எத்தனை தாசில்தார், விரலை மடக்கிச் சொல்லுங்கள் என்றான். ஒரு விரலும் மடங்கவில்லை. கூட்டத்தில் என் மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினான். "தோ, இந்தப் பாப்பா டீச்சர் ஆவணும்னு சொல்லுது. மார்க்கு வாங்கிடும். சீட்டு யாரு குடுப்பா? அதுக்குத்தான் மாமா நாம ரோட்டுக்குப் போறது" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நானும் போனேன். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தோம். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக் கும்பிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். சில நாள் ஜெயிலில் இருந்தேன். வேறு ஊர்களில் உயிரே போனது. அதனால் போராட்டம் தப்பு என்று இன்றைக்கும் என் வாயால் சொல்லமாட்டேன். கேட்டது நியாயம். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், கேட்டது நியாயம்தான்.

அடுத்த வருஷம் ஆட்சி கலைந்தது. எம்.எல்.ஏ. பதவி இல்லாமல் வீட்டில் இருந்தார். பாலத்துக் காகிதம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. என் மகள் ஒன்பதாவது சேர்ந்திருந்தாள். கார்த்திகையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டாள். மலையிலிருந்து சாமை மூட்டையோடு இறங்கி வந்த ஒரு அம்மா, யாரென்று தெரியாது, பொழுது சாயும் வரைக்கும் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கயிறு கட்டி இரண்டு பேரையும் கொண்டுவந்தோம். மகளின் புத்தகப் பை தண்ணீரோடு போய்விட்டது. அன்றைக்கே என் மனைவி, பாலம் வராவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு இவளை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சண்டையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னாள்.

அதற்கு அடுத்த தையில் தேர்தல் வந்தது. பழைய எம்.எல்.ஏ. திரும்ப நின்றார். இட ஒதுக்கீடு கொடுக்காதவரைக்கும் நம் ஜனம் யாருக்கும் ஓட்டுப் போடக்கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. களமருதூர்த் தம்பி வந்தான். ஊர் கூடியது. வாய்ப்பேச்சு போதாது, அம்மன் முன்னால் சூடம் அடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

வெளியூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் சத்தியம் என்றால், கோயில் வாசலில் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். வீட்டுக்கு ஒரு ஆம்பளை அடித்தால் போதும், அந்த வீடே அடித்த மாதிரி. மீறினால் அம்மன் அந்த வீட்டுப் பிள்ளைகள்மேல்தான் கை வைப்பாள் என்பது நம்பிக்கை. ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள். அடிக்க அடிக்கப் பூசாரி புதுக் கட்டியை ஏற்றினார். முதல் கை என்னுடையது.

இரண்டு நாள் கழித்துப் பழைய எம்.எல்.ஏ. மத்தியானத்தில் கொடி, மைக் எதுவும் இல்லாமல் நடந்து வந்தார். என் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார். ஊரில் வேறு யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க போராடறது தப்புன்னு நான் சொல்லலங்க" என்றார். "ஆனா ஒங்க ஊரு பெட்டி காலியாப் போச்சுன்னா, நாளைக்கு ஒங்களுக்காக வாயத் தொறக்க ஒருத்தன் இருக்கமாட்டான். என்னைத் தோக்கடிக்கணும்னாகூட போயி ஓட்டுப் போட்டுத் தோக்கடிங்க."

நான் சத்தியம் செய்ததைச் சொன்னேன். அவர் என் மகளிடம் என்ன படிக்கிறாய் என்று விசாரித்துவிட்டு எழுந்து போனார்.

ஓட்டு நாளன்று காலையில் என் மனைவி தலைக்குக் குளித்து நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டாள். கையில் கட்சிக்காரன் கொடுத்த சிலிப்பு இருந்தது. எங்கே என்று கேட்டேன்.

"போட்டுட்டு வரேன்."

"சூடம் அடிச்சிருக்குது."

"நீங்க அடிச்சீங்க. எங்கை சும்மாதான இருந்துது? பொம்பளைங்கள யாரு கூப்ட்டா அங்க?"

"வூட்டுக்கு ஒரு கைதான். நான் அடிச்சா நீயும் அடிச்ச மாதிரிதான்."

"அப்ப ஓட்டும் வூட்டுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்கணும். எனுக்கு எதுக்குத் தனியாப் பேரு போட்டு சீட்டு குடுத்திருக்கிறாங்க?"

நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "போ. போயி போட்டுட்டு வா. புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா எங்கிட்ட வந்து அழுவாத."

அவள் வாசற்படியைத் தாண்டி ஒரு காலை வைத்திருந்தாள். அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். சிலிப்பை அடுப்பில் போட்டுவிட்டு, அந்த நல்ல சேலையோடேயே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

எங்கள் எட்டாவது வகுப்புப் பள்ளிக்கூடம்தான் பூத். வந்திருந்த ஆபீசர்கள் நாள் முழுக்க மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மத்தியானம் வெளியே வந்து, சாப்பாட்டுக்காவது யாராவது வாருங்கள் என்று தமாஷ் பண்ணினார். யாரும் போகவில்லை. ஒருத்தரும் சத்தியத்தை மீறவில்லை, ஒருத்தரும் ஒளிந்து போய்ப் போடவில்லை. யாராவது ஒருவன் ஏமாற்றியிருந்தால் அவனைத் திட்டியாவது ஆறியிருப்பேன். சாயங்காலம் பெட்டியை ஒரே ஆள் தலையில் வைத்து ஓடையைக் கடந்து தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

பழைய எம்.எல்.ஏ. கொஞ்ச ஓட்டில் தோற்றார். எங்கள் ஊரும் அக்கம்பக்கத்து இரண்டு ஊரும் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

பங்குனியில் இட ஒதுக்கீடு கொடுத்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். ஊரே வெடி வெடித்தது. என் மகளுக்குச் சர்க்கரை ஊட்டினேன். சூடத்துக்குப் பலன் இருந்தது, அம்மன் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில் பாலத்துக்கு மறுபடியும் மனு எழுதச் சொன்னேன். இந்தத் தடவை கையெழுத்து இன்னும் அழகாக இருந்தது.

புது எம்.எல்.ஏ.வை டவுனில் பார்த்தோம். நானும் ஊரிலிருந்து நாலு பேரும். அவர் மரியாதையாகத்தான் நடத்தினார். மனுவை முழுக்கப் படித்தார். எந்த பூத் என்று கேட்டார். கூட இருந்தவர் ஒரு நோட்டைப் புரட்டி அவரிடம் காட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

"கோச்சிக்காதீங்க, உள்ளதச் சொல்றேன்" என்றார். "எனுக்கு வர்றதே ஒரு பாலந்தான். ஓட்டுப் போட்ட ஊர்க்காரன் வாசல்ல உக்காந்துகினு இருக்கிறான். அவன வுட்டுட்டு ஒங்களுக்குக் குடுத்தா என்னை இன்னா கேப்பான்? நீங்க எனுக்குப் போடலன்னாகூடப் பரவால்லீங்க. எதிராளிக்குப் போட்டிருந்தாகூட, அடுத்த வாட்டி நம்ம பக்கம் திரும்புவாங்கன்னு குடுத்திருப்பேன். நீங்க யாருக்குமே இல்லியே."

நான் அம்மன் பேரில் செய்த சத்தியத்தை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அவரும் கும்பிடுகிற மனுஷர்தான், நெற்றியில் விபூதி இருந்தது. மனுவை வாங்கி மற்ற மனுக்களோடு வைத்தார்.

கார்த்திகை வந்தது. என் மகள் பத்தாவது. முதல் தண்ணீர் வந்த அன்று என் மனைவி அவளை அனுப்பவில்லை. அந்தக் கரை ஊரில் தங்க வைக்கலாம் என்றால் எங்களுக்கு அங்கே ஒரு சொந்தமும் இல்லை. வயசு வந்த பெண்ணை யார் வீட்டில் விடுவது. இரண்டு வாரம் போகவில்லை. நடுவில் ஒரு வாரம் போய்வந்தாள். மறுபடியும் தண்ணீர். மார்கழியில் தண்ணீர் வடிந்தபோது, இத்தனை நாள் போகாமல் பரீட்சை எழுத முடியாது, வாத்தியாரும் திட்டுவார் என்று மகளே சொன்னாள். நான் போய் வாத்தியார் காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. களையெடுப்பு நேரம், ஆள் கிடைக்கவில்லை, அவளும் அம்மாவோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதை நான் மட்டும்தான் சொல்லமுடியும், அதனால் சொல்கிறேன்: எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. பிள்ளை பத்திரமாக வீட்டில் இருக்கிறாள் என்ற நிம்மதி.

மறு வருஷம், பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் களமருதூர்த் தம்பி வந்தான். போராட்ட வேலை, கேஸ் வாய்தா என்று ஒரு வருஷத்துக்குமேல் எங்கள் பக்கம் அவன் வந்திருக்கவில்லை. ஆள் இளைத்துப்போயிருந்தான். ஆனால் முகத்தில் அத்தனை சந்தோஷம். உள்ளே வரும்போதே, "அக்கா, பாப்பா மார்க்கு இன்னா? இனிமே கவலையே இல்ல. பிளஸ் டூ முடிச்சா டீச்சர் ட்ரெயினிங் சீட்டு நம்ம கோட்டாவுல நிச்சயம். நான் விசாரிச்சுட்டுதான் வரேன்" என்றான். ஒரு துண்டுக் காகிதத்தில் எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதிக்கொண்டும் வந்திருந்தான்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மகள்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் நின்னுட்டேன் மாமா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "எங்க நின்ன?" என்றான். அப்புறம் அவளுடைய கையைப் பார்த்தான். வேர்க்கடலை பறித்த மண் நகத்திலே இருந்தது. தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தான். அந்தக் காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து மடித்துச் சின்னதாக்கினான். யாரையாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். யாரைத் திட்டுவான். "எல்லாம் நாமதான் மாமா" என்று மட்டும் சொன்னான். சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

அந்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். நல்ல இடம்தான்.

பேச்சு முடிந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். விளக்குப் போட்டேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. சூடம் அடித்துக் கேட்டதையெல்லாம் அம்மன் கொடுத்திருக்கிறாள். இட ஒதுக்கீடு வந்துவிட்டது. சத்தியத்தைக் காப்பாற்றினோம், பிள்ளைக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. அம்மன்மேல் குறை சொல்ல இடமே இல்லை. பூசாரி தீபாராதனைத் தட்டை நீட்டினார். ஒற்றிக்கொள்ளக் கையைக் கொண்டுபோனவன், நெருப்புக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். சுடுகிறது, எடுங்கள் என்று அவர்தான் சொன்னார்.