டேப் ரிக்கார்டருக்குக் காது எந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் காலி பாட்டிலைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. கண்ணாடிக்கென்று தெருமுனையில் ஓர் இரும்புத் தொட்டி இருக்கிறது. போட்டால் உடையும், உடைந்தால் சத்தம் வரும், ஞாயிறோ அமைதிக்கான நாள். ஹாம்பர்க்குக்கு வந்த புதிதில் இது தெரியாமல் ஓர் ஊறுகாய் பாட்டிலைப் போட்டுவிட்டேன். மூன்று ஜன்னல்கள் திறந்தன. யாரும் திட்டவில்லை, வெறுமனே பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. நான் ராயபுரத்தில் பிறந்தவள். எனக்கு ஞாயிறு என்றால் கோயில் மணி, மீன் விலை பேசும் கூச்சல், கூட்ஸ் வண்டி ஊதல், இத்தனைக்கும் மேலே பக்கத்து வீட்டுச் சண்டை. நர்ஸ் வேலைக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது நானும் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிப்பதில்லை. யாராவது அடித்தால் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன மாதம், ஊரிலிருந்து கொண்டுவந்த ரெக்சின் பெட்டியைக் கழித்துக் கட்டலாம் என்று திறந்தேன். உள்பையில் மூன்று கேசட்டுகள் இருந்தன. மூன்றும் டிவியில் நேரடியாக வந்த கச்சேரிகள், நானே பதிந்தவை. இரண்டில் நாகஸ்வரமும் கிறிஸ்துமஸ் பாட்டும். மூன்றாவதில் என் எழுத்தில் ‘அண்ணன் – டிவி’ என்று எழுதி, அதன் மேல் சிவப்பு மையால் அடித்திருந்தது. அடித்தது அண்ணன்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டில். கஸ்டம்ஸில் குமாஸ்தாவாக இருந்த லூர்து சார் வீடு. கப்பலில் போகும் அவர் மைத்துனர் ஒரு டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். என் அண்ணன் சேவியர் மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பவன். அப்பா ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். யார் யாரையோ பிடித்து அண்ணனுக்கு அங்கேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நேர்காணலுக்குக் கூப்பிட்ட அன்று அண்ணன் டிவி நிலையத்துக்கு வயலின் தேர்வுக்குப் போய்விட்டான். அன்றோடு அப்பா அவனிடம் பேச்சை நிறுத்தினார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, “அவன துன்ன சொல்லு” என்று அம்மாவிடம் சொல்லுவார். அண்ணன் வாசித்துப் பழகும்போது போர்வையை இழுத்துக் காதோடு மூடிக்கொள்வார்.

மெல்லிசை நிகழ்ச்சியில் பின்வரிசையில் உட்கார்ந்து வாசிக்க அண்ணனுக்கு ஒரு மாலை கிடைத்தது. நேரடி ஒளிபரப்பு, வந்தால் வந்தது, போனால் போனது. அதைப் பதியும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, கான்வென்டில் படித்தவளாயிற்றே. தெருவே லூர்து சார் வீட்டில் இருந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். அப்பா காக்கிச்சட்டை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். பதியும்போது சத்தம் வரக் கூடாது என்று ஃபேனை நிறுத்தினோம், குக்கரை இறக்கினோம், கைக்குழந்தைகளைக் கொல்லைக்கு அனுப்பினோம். “மூச்சு விட்றதா இருந்தா மெதுவா வுடுங்க” என்றார் லூர்து சார். நான் டேப் ரிக்கார்டரை டிவி முன்னால் பயபக்தியோடு நிறுத்தி வைத்தேன். அதில் சல்லடை போட்ட பெரிய முகம் ஒன்று இருந்ததல்லவா, அதுதான் அதன் காது என்று நினைத்து அதை டிவியைப் பார்க்கத் திருப்பினேன். அது காது இல்லை, வாய். காது என்பது பின்பக்கம் பொட்டு அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அண்ணன் ஓடி வந்து கேசட்டைப் போட்டுக் கேட்டான். பாட்டு கிணற்றுக்குள் எங்கோ கேட்டது. ஜன்னல் பக்கத்து இருமல், சைக்கிள் மணி, கருவாட்டு விலை எல்லாம் பளிச்சென்று கேட்டன. “என் ஃபிடில் எங்க பாப்பா? மீன் மார்க்கெட்தான் கீது” என்றான். இரண்டு நிமிடம் தாங்கவில்லை, நிறுத்திவிட்டான். அந்தக் கேசட்டை அழித்து வேறு பதியலாம் என்றார் லூர்து சார். குற்ற உணர்வில், சுருள் சிக்கிக்கொண்டது என்று பொய் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் இங்கே வந்தேன், அதற்கடுத்த வருடம் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை. அண்ணன் ரயில்வேயில் சேர்ந்தான். இப்போது திருவொற்றியூரில் மகளோடு இருக்கிறான். போனில் பேசினால் எப்படியும் அந்த டிவி மாலைக்கு வந்துவிடுவான். “தெருவே பாத்துச்சு பாப்பா. அவர் ஒருத்தர்தான் பாக்கல.” எழுபது வயதுக்காரன் சொல்கிறான், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பழைய சாமான் சந்தையில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி, ஞாயிறு மதியம் கேசட்டைப் போட்டேன். எதுவும் தெளிவாக இல்லாததால் சத்தத்தை முழுக்க வைத்தேன். அண்ணன் நிறுத்திய இடத்தைத் தாண்டியது. பாட்டு பாதியில் இருக்கும்போது, எங்கள் தெருவில் மீன் விற்ற கன்னியம்மாவின் குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டது.

“இன்னா சேவியர் நைனா, ஷிஃப்டுக்குப் போவல?”

“ஒரு மணி நேரம் பர்மிசன் கேட்டுகினு வந்தேன். நீ கத்தாத.”

என் அப்பா. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

“உள்ள போய் குந்தேன்.”

“வாணாம். நான் பாக்கறது அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

“நல்லா கீதே! அவன் டிவி டேசன்ல கீறான். டிவி வழியா உன்னப் பாப்பானா?”

கொஞ்ச நேரம் பாட்டு மட்டும். பிறகு கன்னியம்மா, “அத்தினி பேரு இழுக்கறாங்க, இதுல உன் புள்ளது எது?” என்றாள்.

“தோ, இப்ப இழுக்கறான் பாரு, அது அவன்து. தெனம் வூட்ல கேக்கறேன், எனக்குத் தெரியாதா?” அதற்குள் யாரோ இருமினார்கள். “ஏய், வாய மூடுங்கடா! புள்ள வாசிக்கிறான்ல?” பிறகு குரல் இறங்கியது. “கன்னிமா, நான் வந்தேன்னு அவன்கிட்ட சொல்லாத. மாதா மேல சத்தியம் பண்ணு.”

“உங்க மாதா இன்னாத்துக்கு, எங்க அங்காளம்மா மேலயே சத்தியம்.”

சொன்னபடியே கன்னியம்மா சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்படியென்ன சத்தியம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அப்பாமேல் அதைவிட. அழுதுகொண்டே கோபப்பட்டேன். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள், ஃப்ராவ் க்ளாசன், எண்பது வயது, வெள்ளைக் கம்பளிச் சட்டை. ஓய்வு நேரம் என்று சொல்லத்தான் வந்திருப்பார். என் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துவிட்டது. உள்ளே கேசட்டில் இன்னும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “பெசூக்?” என்றார், விருந்தாளிகளா என்று. விளக்கும் நிலையில் நான் இல்லை. “மைன் ஃபாட்டர்” என்றேன், என் அப்பா. அவர் என் கையைப் பிடித்து, அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சத்தம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இத்தனை வருடத்தில் இந்தக் கட்டடத்தில் சத்தத்துக்குக் கிடைத்த முதல் அனுமதி அதுதான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் கேள் என்றேன். இந்தத் தடவை போனுக்குக் காது எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். ஓடி முடிந்தது. அந்தப் பக்கம் திருவொற்றியூர் ஹைரோட்டு லாரிச் சத்தம் அடங்க, அவன் ஜன்னலைச் சாத்துவது கேட்டது.

“அண்ணே?”

“இன்னொரு வாட்டி போடு பாப்பா.”

“பாட்டு ஆரம்பத்துலர்ந்தா?”

“பாட்டு இன்னாத்துக்கு? அவர் பேசறத போடு.”

ஐந்து முறை போட்டேன். ஐந்தாவது முறை அவன் சிரித்தான். “போர்வைக்குள்ளர்ந்து கேட்டுகினுதான் இருந்திருக்காரு, கெழவன்” என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாத்திரை போட நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலை வாசலில் ஒரு தட்டு இருந்தது. இரண்டு துண்டு ஆப்பிள் கேக், இரண்டு முள்கரண்டி. பக்கத்தில் ஒரு சீட்டு: உங்களுக்கும் அப்பாவுக்கும். அப்பா காசிமேடு கல்லறையில் இருக்கிறார் என்று இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு துண்டையும் நானே தின்றேன். கழுவும்போது, தொடாத முள்கரண்டியையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவினேன். தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஃப்ராவ் க்ளாசன், “அப்பாவுக்குப் பிடித்திருந்ததா?” என்று கேட்டார்.

“ரொம்பப் பிடித்திருந்தது” என்று ஜெர்மனில் சொன்னேன். “ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.”